சில்லு மாத்துறதா, பிரேம் மாத்துறதா?

போன மாசம் வெள்ளவத்தையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்து இரண்டு மணித்தியாலம் சண்டை பிடித்தோம். விஷயம் சின்னதுதான். கொட்டாஞ்சேனையில் இருக்கும் எங்கள் தோழன் ட்ரையத்லனுக்குப் பயிற்சி எடுக்கிறான். ஒன்றரை வருஷம் மிச்சம் பிடித்த காசு கையில் இருக்கிறது. அதில் ஒன்றைத்தான் வாங்கலாம்: ஆழமான ரிம் உள்ள கார்பன் சில்லுச் சோடி, இல்லாவிட்டால் செகண்ட் ஹாண்டில் வந்திருக்கும் ட்ரையத்லன் பிரேம் ஒன்று.

2022 யூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த வாகனங்களுக்கு எரிபொருள் விற்பதை நிறுத்தினார்களே, அப்போதுதான் அவன் சைக்கிள் ஓடத் தொடங்கினான். பெரியம்மாவின் மகன் கனடா போகும்போது விட்டுப்போன ரோட் பைக். இவனுக்கு ஒரு சைஸ் பெரிது. அதிலேயே இன்றைக்கும் ஓடுகிறான். கனவு மட்டும் 2018 பெப்ரவரியில் காலிமுகத்திடலில் முதன்முதல் நடந்த அயர்ன்மேன் 70.3 மாதிரி ஒரு போட்டி: 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 கிலோமீற்றர் சைக்கிள், பிறகு 21.1 கிலோமீற்றர் ஓட்டம்.

"சில்லெண்டா கழட்டி அடுத்த சைக்கிளுக்கும் போடலாம் மச்சான். பிரேமை அப்பிடிச் செய்ய ஏலுமா?" என்றான் ஒருவன். நியாயமான கேள்விதான். சில்லுக் கட்சிக்குச் சரித்திரமும் இருக்கிறது. 1972இல் மெக்சிக்கோ நகரில் எடி மெர்க்ஸ் ஒரு மணித்தியாலத்தில் 49.431 கிலோமீற்றர் ஓடினார். 1984இல் அதே நகரில் பிரான்செஸ்கோ மோசர் கம்பியில்லாத தட்டுச் சில்லுகளோடு 51.151 கிலோமீற்றர் ஓடிக் காட்டினார். அதற்குப் பிறகு எல்லாருக்கும் தட்டுச் சில்லு ஆசை வந்துவிட்டது.

ஆனால் 1989 யூலை 23ஐ மறக்கக் கூடாது. டூர் டி பிரான்ஸின் கடைசி நாள், வெர்சாயிலிருந்து பரிசுக்கு 24.5 கிலோமீற்றர் தனியோட்டம். லோரன் பினோன் 50 செக்கன் முன்னிலையில் இருக்கிறார். அவருடைய சைக்கிளில் முன்னும் பின்னும் தட்டுச் சில்லு. கிரெக் லெமொண்டிடம் பின்னுக்கு மட்டும்தான். ஆனால் லெமொண்டின் ஹாண்டிலில் ட்ரையத்லன்காரர் பாவிக்கத் தொடங்கியிருந்த நீட்டுக் கம்பி பூட்டியிருந்தது. முழங்கைகளை ஒடுக்கிவைத்து, முதுகைத் தாழ்த்திப் படுத்தமாதிரி ஓடினார். முழு டூரையும் 8 செக்கனால் வென்றார். பினோனுக்கு அன்று இருக்கைப் புண், தலைக்கவசமும் இல்லை. ஆகவே எல்லாம் அந்தக் கம்பியின் வேலை என்று நாங்கள் சத்தியம் பண்ண மாட்டோம். ஆனாலும் சில்லு அதிகம் வைத்திருந்தவர் தோற்றார்.

காரணம் காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நாலு மடங்காகும். அந்தத் தடையில் பெரும்பங்கை வாங்குவது சைக்கிள் இல்லை, அதன் மேலே இருக்கிற ஆள். அதே 1989இல் அமெரிக்காவின் குவின்டானா ரூ நிறுவனம் ட்ரையத்லனுக்கென்றே ஒரு சைக்கிளை விட்டது. இருக்கைக் குழாயை நிமிர்த்தி, ஆளை முன்னுக்குத் தள்ளியிருந்தார்கள். அப்போதுதான் குனிந்து படுத்தாலும் இடுப்பு மடிந்து நெருக்காது.

எங்களுக்குப் பிடித்த ஆள் ஸ்கொட்லாந்தின் கிரேம் ஓப்ரி. 1993இல், வோஷிங் மெஷின் பெயாரிங்கும் போட்டுத் தானே கட்டிய சைக்கிளில், கைகளை நெஞ்சுக்குள் மடக்கி 51.596 கிலோமீற்றர் ஓடி மோசரை முந்தினார். ஆறே நாளில் கிறிஸ் போர்ட்மன் அதை முறியடித்தார் என்பது வேறு கதை. அடுத்த வருஷம் ஓப்ரியின் அந்த இருப்பையே தடைசெய்தார்கள். சைக்கிளை விட்டுவிட்டு ஆள் இருக்கிற விதத்தைத் தடைசெய்தார்கள் என்றால், பலம் எங்கே இருந்தது என்று விளங்கும்தானே.

இன்னொன்று, கடற்காற்று. ஹவாயின் கோனாவில் நடக்கும் அயர்ன்மேன் உலகப் போட்டியில் பக்கக்காற்றுக்குப் பயந்து தட்டுச் சில்லை விடுவதே இல்லை. எங்கள் ஆள் 54 கிலோ. மரைன் டிரைவில் கடல் பக்கமிருந்து ஒரு வீச்சு வந்தால் ஆழமான முன்சில்லு ஹாண்டிலையே இழுத்துவிடும்.

ஆகவே பிரேம் என்று நாங்கள் சொன்னோம், ஒரு நிபந்தனையோடு. வாங்க முதல் அவன் அதில் ஏறி, முழங்கையை ஊன்றி, ஒரு மணித்தியாலம் ஓடிப் பார்க்க வேண்டும். கழுத்து நொந்தால் அந்தப் பிரேமும் வேண்டாம். சில்லுக் கட்சிக்காரன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. தேத்தண்ணிக் காசை மட்டும் அவன்தான் கொடுத்தான்.

வருகிற ஞாயிறு விடிய ஐந்து மணிக்கு, வாகனம் வர முதல், மரைன் டிரைவில் ஓடிப் பார்க்கப் போகிறார்கள். அளவுநாடாவோடு நாங்களும் போகிறோம்.