செயின் சா சங்கிலியும் ஒரு புழுவும்

ஆரணிக்காரன் எழுதினால் பட்டைப் பற்றி எழுதுவான், இல்லாவிட்டால் அரிசியைப் பற்றி எழுதுவான் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. இந்த முறை இரண்டும் இல்லை. மரம் அறுக்கும் மெஷின் இருக்கிறதே, செயின் சா, அதன் சங்கிலியைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள். வரலாறு என்றால் ராஜாவும் போரும் மட்டும்தான் என்று யார் சொன்னது? :-)

சங்கிலி தேய்ந்துபோய்ப் புதுசு வாங்கக் கடைக்குப் போகிறவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, "எத்தனை இன்ச்?". பதினெட்டு, இருபத்திரண்டு என்று பதில் வரும். டப்பா கைமாறும். இதில் ஒரு சிக்கல் உண்டு. இன்ச் என்று நாம் சொல்வது சங்கிலியின் அளவே இல்லை. சங்கிலி ஓடுகிற பாரின் நீளம் அது. ஒரே பதினாறு இன்ச் பாருக்கு 55 கண்ணி, 56 கண்ணி, 57 கண்ணி, 66 கண்ணி என்று வெவ்வேறு சங்கிலிகள் இருக்கின்றன. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை மாட்ட முடியாது. சில சமயம் மாட்ட முடிந்துவிடும், ஆபத்தே அங்கேதான்.

சரியான சங்கிலிக்கு மூன்று எண்கள் வேண்டும். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று தேடிக்கொண்டு போனால், சுற்றிச் சுற்றி நெசவில் போய் நிற்கிறது கதை.

ஹான்ஸ் ரெனால்ட் என்று ஒரு ஸ்விட்சர்லாந்துக்காரர். இங்கிலாந்துக்குப் போய், மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் 1879-ல் ஒரு சின்னச் சங்கிலிப் பட்டறையை விலைக்கு வாங்கினார். அந்தப் பட்டறை செய்துகொண்டிருந்தது பஞ்சாலை, நெசவு இயந்திரங்களுக்கான சங்கிலிகள். அடுத்த வருடமே, 1880-ல், இன்று நாம் சைக்கிளிலும் பைக்கிலும் பார்க்கிற புஷ் ரோலர் சங்கிலியை உருவாக்கினார். தறிக்காரர்களுக்காக வேலை செய்த பட்டறையிலிருந்து உலகத்தின் சைக்கிள் சங்கிலி வந்தது என்பதில் எங்கள் ஊருக்கு ஒரு பங்கு கேட்கலாம் என்று தோன்றுகிறது, கொடுப்பார்களா தெரியவில்லை. நம் பக்கத்தில் இந்தத் தொழில் அம்பத்தூரில் டி.ஐ. டைமண்ட், கோவையில் எல்.ஜி.பி. என்று வேர்விட்டது.

சங்கிலியை நீளத்தால் அல்லாமல் கண்ணிக்குக் கண்ணி உள்ள தூரத்தால் அழைக்கும் பழக்கம் இந்தக் குடும்பத்தின் பழக்கம். அந்தத் தூரத்துக்குப் பெயர் பிட்ச். சைக்கிள் சங்கிலிக்கு அரை இன்ச். பல்சக்கரத்தின் பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி இதோடு ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான் தத்துவம். மில்லிமீட்டரில் வாழும் ஜெர்மன்காரன் செய்த செயின் சாவிலும் சங்கிலியின் பிட்ச் இன்னும் இன்ச்சில் பேசப்படுவது இந்த ஆங்கில, அமெரிக்கப் பரம்பரையால்தான் என்பது என் கணிப்பு.

நடுவில் ஒரு வதந்தியைத் தீர்த்துவிடுவோம். "செயின் சா முதலில் பிரசவத்துக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது" என்று ஒரு செய்தி அடிக்கடி சுற்றுகிறது. முழுப் பொய் இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜான் ஐட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற இரண்டு ஸ்காட்லாந்து மருத்துவர்கள் பல் வைத்த மெல்லிய சங்கிலி ஒன்றை அறுவைக்குப் பயன்படுத்தினார்கள். கடினமான பிரசவத்தில் இடுப்பெலும்பின் இணைப்பை அறுக்கவும் அது உதவியது. ஆனால் இரண்டு முனையிலும் பிடி வைத்துக் கையால் இழுப்பது அது. 1830 வாக்கில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் பெர்ன்ஹார்ட் ஹைனே கைப்பிடியைச் சுற்றினால் சங்கிலி ஓடும் எலும்பு ரம்பம் செய்தார். பார்ப்பதற்குக் குட்டிச் செயின் சா மாதிரியே இருக்கும். மோட்டார், பெட்ரோல் எதுவும் கிடையாது. ஆகவே, பயந்துகொள்ள வேண்டாம்.

மரத்துக்கு வருவோம். 1926-ல் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் மின்சாரத்தில் ஓடும் ரம்பம் செய்தார். எடை மிக அதிகம், பிடிக்க இரண்டு ஆள். 1927-ல் எமில் லெர்ப் பெட்ரோல் ரம்பத்தை டோல்மர் என்ற மலையில் சோதித்துப் பார்த்து, தன் கம்பெனிக்கும் அந்த மலையின் பெயரையே வைத்தார். இன்ஜின் வருடத்துக்கு வருடம் முன்னேறியது. சங்கிலி முன்னேறவில்லை! அதன் பற்கள் கை ரம்பத்தின் பற்களைப் பார்த்துச் செய்தவை. சில பற்கள் கீறும், சில பற்கள் கீறியதை வாரி வெளியே தள்ளும். வேகமாக மழுங்கும். அரம் போடுவது ஒரு தனி வித்தை. அறுப்பதை விட அரம் போடுவதிலேயே பாதி நாள் போயிருக்கும்.

இந்த இடத்தில்தான் புழு வருகிறது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் பூஃபோர்ட் காக்ஸ் என்று ஒரு மரம் வெட்டுபவர். 1946-ல் விறகு பிளந்துகொண்டிருந்தவர் ஒரு கட்டைக்குள் வண்டின் புழு மரத்தைத் தின்றுகொண்டே போவதைப் பார்த்தார். ஆள்காட்டி விரல் அளவு இருக்கும் அது, மரத்தின் நாரோடும் போகிறது, நாருக்குக் குறுக்கேயும் போகிறது, எதுவும் தடையில்லை. காக்ஸ் அதன் வாயைக் கவனித்தார். நேராகக் குத்தவில்லை. 'சி' எழுத்து மாதிரி வளைந்த இரண்டு தாடைகள், இடமும் வலமுமாக மாறி மாறிச் செதுக்கின. அதே வடிவத்தை எஃகில் செய்தார். இடப் பல் ஒன்று, வலப் பல் ஒன்று, ஒவ்வொன்றும் மேல்பக்கம் வளைந்து மரத்தைச் சீவும். முன்னால் ஒரு சின்ன மேடு, பல் எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்று கட்டுப்படுத்த. 1947 நவம்பரில் போர்ட்லாண்டில் தன் வீட்டின் அடித்தளத்தில் விற்பனையைத் தொடங்கினார். இன்று எந்தக் கம்பெனியின் சங்கிலியை எடுத்துப் பார்த்தாலும் அடிப்படை அதுதான். அவர் தொடங்கிய கம்பெனியின் வழிவந்ததுதான் இன்றைய 'ஓரிகன்' சங்கிலி.

பட்டுப்புழுவின் எச்சிலை நெய்து பிழைக்கிற ஊர்க்காரனுக்கு இந்தக் கதை பிடிக்காமல் போகுமா? பட்டுப்புழு மல்பெரி இலையைத் தின்னும்போது பாருங்கள், அதுவும் பக்கவாட்டில்தான் தாடையை அசைக்கும். நாம் நூலை மட்டும் பார்த்தோம், அவர் வாயைப் பார்த்திருக்கிறார்.

இப்போது அந்த மூன்று எண்கள். முதல் எண் பிட்ச். கால் இன்ச், .325, 3/8, .404 என்பவை இப்போது புழக்கத்தில் உள்ளவை. சைக்கிள் சங்கிலியில் ரிவிட்டுக்கு ரிவிட் ஒரே தூரம். இதில் அப்படி இல்லை, அடுத்தடுத்த இடைவெளிகள் சமமாக இருக்காது. அதனால் தொடர்ச்சியாக மூன்று ரிவிட் எடுத்து, முதலாவதிலிருந்து மூன்றாவது வரை அளந்து இரண்டால் வகுக்க வேண்டும். 16.5 மில்லிமீட்டர் வந்தால் .325. 19-ஐ ஒட்டி வந்தால் 3/8. அதிலும் ஒரு பொறி இருக்கிறது. சின்ன மெஷின்களுக்கு 'லோ புரொஃபைல் 3/8' என்று ஒரு குள்ளச் சங்கிலி உண்டு. பெயர் ஒன்று, உடம்பு வேறு. பெரிய 3/8-க்கான பல்சக்கரத்தில் அதைப் போடக்கூடாது.

இரண்டாவது, கேஜ். பாரின் பள்ளத்துக்குள் இறங்கும் கண்ணியின் கனம். .043, .050, .058, .063 இன்ச். .050-க்கும் .058-க்கும் வித்தியாசம் 0.2 மில்லிமீட்டர். கண்ணால் பார்த்துச் சொல்கிறேன் என்பவரை நம்பாதீர்கள். பிளஸ் ஒன் லேபில் "இது வாழ்க்கையில் எங்கே உதவப் போகிறது" என்று நாம் கேட்ட வெர்னியர் இங்கே உதவும். கனம் கூடினால் சங்கிலி பள்ளத்தில் இறங்காது, பிரச்சினை கடையோடு தீர்ந்தது. கனம் குறைந்தால் இறங்கிவிடும், ஓடவும் ஓடும். ஆனால் பள்ளத்துக்குள் சாய்ந்து சாய்ந்து ஓடி, அறுப்பு கோணலாகப் போகும், பாரும் கெடும்.

மூன்றாவது, உள்ளே இறங்கும் கண்ணிகளின் எண்ணிக்கை. பழைய சங்கிலியைத் தரையில் போட்டு எண்ணுவதுதான் வழி. சங்கிலியை நூறு அடி ரோலாக வைத்து வெட்டி ரிவிட் அடித்துத் தருகிற கடைகளில் எண்ணிக்கை தப்பினால் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. நம் ஊர்களில் பரவலாகப் புழங்கும் 58 சிசி மெஷினில், 22 இன்ச் பார் என்றால் பெரும்பாலும் .325 பிட்ச், .058 கேஜ், 86 கண்ணி. "பெரும்பாலும்" என்பதைக் கவனியுங்கள். பார் மாற்றப்பட்டிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. பாரின் அடிப்பகுதியில் இந்த எண்கள் பொறித்திருக்கும், எண்ணெயும் மரத்தூளும் துடைத்தால் தெரியும்.

எண் சரியாக வந்தபிறகு பல்லின் வகை. மூலை சதுரமான பல் வேகமாக அறுக்கும், மண் பட்டால் சீக்கிரம் மழுங்கும். மூலை உருண்ட பல் சற்று மெதுவாகத்தான் அறுக்கும், ஆனால் தாங்கும். ஓரிகனின் சுத்தமான தேவதாரு மரத்துக்கு முதலாவது பொருந்தலாம். நம் மரங்கள் வேறு ஜாதி. 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் சாய்த்துப்போட்டதெல்லாம் தென்னை. தென்னைக்கும் பனைக்கும் வைரம் வெளிப்பக்கம், உள்ளே சோறு. அதாவது பல் முதலில் சந்திப்பதே கடினமான பகுதியை. விழுந்து மண்ணில் புரண்ட மரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். சாலையோரப் புளியமரத்தில் இன்னொரு எதிரி இருக்கிறது: விளம்பரத் தட்டி மாட்டுவதற்காக அடித்த ஆணி. மரம் அதை விழுங்கி மேலே பட்டை மூடியிருக்கும், வெளியே தெரியாது. இப்படிப்பட்ட மரங்களுக்கு உருண்ட மூலைப் பல்தான் என் ஓட்டு.

கடைசியாக, கை சம்பந்தப்பட்ட விஷயம். பாரின் நுனியில் மேல் பாதி மரத்தில் பட்டால் மெஷின் அறுப்பவரின் முகத்தை நோக்கித் துள்ளும். சங்கிலி அப்போது நொடிக்கு இருபது மீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும், கையை எடுக்க நேரம் இருக்காது. 1970களில் பரவிய செயின் பிரேக் இதற்காக வந்தது. துள்ளலைக் குறைக்கக் கண்ணியில் கூடுதல் மேடு வைத்த சங்கிலிகளும் வந்தன. வீட்டு உபயோகத்துக்கு வாங்குபவர் அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். பல்லுக்கு முன்னால் இருக்கும் அந்தச் சின்ன மேட்டை, "வேகமாக அறுக்கும்" என்று சொல்லி அரத்தால் ராவித் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். பல் தேவைக்கு மேல் ஆழம் இறங்கும், துள்ளலும் கூடும். பிட்ச் தப்பிய சங்கிலி இன்னும் மோசம். பல்சக்கரத்தின் மேல் ஏறி ஏறி ஓடி, கழன்றோ அறுந்தோ வீசும். தேய்ந்த பல்சக்கரத்தில் புதுச் சங்கிலி போட்டாலும் ஏறக்குறைய இதே நிலைதான். அதனால் இரண்டு மூன்று சங்கிலிக்கு ஒருமுறை சக்கரத்தையும் மாற்றச் சொல்கிறார்கள்.

ஆக, கடைக்குப் போகும்போது பழைய சங்கிலியைப் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். அறுந்த சங்கிலி என்றால் எல்லாத் துண்டையும் பொறுக்கி எடுத்து, கண்ணியை எண்ணிவிட்டுப் போங்கள்.