நெல்லியடிச் சந்தி முதல் முகநூல் வரை: சிறு விளம்பரத்தின் கதை

நெல்லியடி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 1987ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் திகதி மத்திய மகா வித்தியாலயத்தில் நிகழ்ந்த தாக்குதல்தான். அதைப் பற்றிப் பலரும் பல விதமாக எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது அந்த ஊரின் கடைத்தெருவைப் பற்றி. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியில் அமைந்த இச்சந்தி, வடமராட்சியின் முக்கியமான வணிக மையம். வெங்காய மூடையும் புகையிலைச் சிப்பமும் கருவாட்டுக் கூடையும் வந்து சேரும் இடம்.

இன்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் கடையே இல்லாத வணிகமும் நடக்கிறது. வீட்டு முற்றத்தில் வறுத்து இடித்த மிளகாய்த்தூள், பருத்தித்துறை வடை, ஒடியல் மா, பனங்கட்டி ஆகியவற்றைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, கீழே மூன்று வரி எழுதி முகநூலில் இடுகிறார்கள். லண்டனிலோ ரொறன்ரோவிலோ உள்ள ஒருவர் அதைப் பார்த்துப் பொதி அனுப்பச் சொல்கிறார். மூன்று வரியில் விற்பது எப்படி என்று கற்பிக்கும் வகுப்புகளும் தோன்றிவிட்டன. இது முற்றிலும் புதிய கலை என்பது அவ்வகுப்புகளை நடத்துவோரின் கருத்து. பத்திரிகைத் தொழிலில் தலை நரைத்த எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. சிறு விளம்பரத்துக்கு யாழ்ப்பாணத்தில் நீண்ட வரலாறு உண்டு. எந்தக் காலத்தில் எது அரிதாக இருந்ததோ, அதுவே அந்தக் காலத்தின் விளம்பரத்தைச் சுருக்கியது.

முதலில் அரிதாக இருந்தது சொல். தந்தி அனுப்புவோர் சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்தினார்கள். வணிக நிறுவனங்கள் தமது நீண்ட முகவரிக்குப் பதிலாக ஒற்றைச் சொல்லைத் 'தந்தி முகவரி' என்று பதிவு செய்து வைத்திருந்தன. பழைய கடிதத் தலைப்புகளில் அதனை இன்றும் காணலாம். இன்று முகநூல் பக்கத்துக்கு ஒரு சிறு பெயரைத் தேடி அலைபவர்கள் அந்தப் பழக்கத்தைத்தான் தொடர்கிறார்கள்.

1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் கொழும்பில் தொடங்கின. யாழ்ப்பாண மண்ணிலிருந்து 1959இல் ஈழநாடு புறப்பட்டது, 1985இல் உதயன். பெரிய விளம்பரத்தை அங்குல அளவிலும், சிறு விளம்பரத்தைச் சொல் எண்ணியும் கட்டணமிடுவது பத்திரிகை வழக்கம். நான் தொழிலுக்கு வந்த தொடக்கத்தில் சிறிது காலம் சிறு விளம்பரங்களைச் செப்பனிடும் பொறுப்பு எனக்கு இருந்தது. 'வீட்டுடன் கூடிய காணி' என்று எழுதி வருபவர் மூன்று சொற்களுக்குப் பணம் கட்ட வேண்டும். 'வீட்டுடன்கூடிய' என்று சேர்த்து எழுதினால் இரண்டுதான். தமிழ் சொற்களை ஒட்டிக்கொள்ளும் மொழி. இலக்கணம் தந்த அந்த வசதியை எங்கள் வணிகர்கள் புலவர்களைவிட நன்றாகவே பயன்படுத்தினார்கள். அதற்கும் ஓர் எல்லை இருந்தது. அளவுக்கு மிஞ்சிய சொல்லை இரண்டாக எண்ணுமாறு எங்களுக்கு அறிவுறுத்தியிருந்தார்கள்!

அக்காலத்துச் சிறு விளம்பரங்களில் புகழுரைக்கு இடமிருக்காது. என்ன பொருள், எங்கே, யாரைக் காண வேண்டும் என்ற மூன்றே செய்திகள். 'தரமான', 'மலிவான' போன்ற சொற்களுக்கும் காசு கொடுக்க வேண்டியிருந்தமையால் அவை தாமாகவே உதிர்ந்துவிடும். இடத்தை மட்டும் எவரும் விட்டுக்கொடுத்ததில்லை. 'நெல்லியடிச் சந்தி, கொடிகாமம் வீதி' என்று அச்சிட்டால், பொருள் பழுதானால் திரும்பி வந்து கேட்பதற்கு ஒரு வாசற்படி உண்டு என்பது வாங்குபவருக்குக் கிடைத்த உறுதி.

அச்சுக்கு வெளியே ஒலி. 1950ஆம் ஆண்டு செப்டெம்பர் இறுதியில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியது. எஸ்.பி. மயில்வாகனத்தின் குரலில் வந்த விளம்பரங்களைப் பாக்கு நீரிணைக்கு அப்பாலும் கேட்டார்கள். அங்கே அரிதாக இருந்தது நேரம். ஊர்க் கடைக்காரருக்கு அந்தக் கட்டணம் எட்டாது. அவருக்குக் கிடைத்தது ஒலிபெருக்கி கட்டிய கார். படமாளிகைக்காரர்கள் துண்டுப்பிரசுரத்தை வீதியில் வீசிக்கொண்டே போவார்கள். சிறுவர்கள் பின்னால் ஓடுவார்கள். கார் ஒருவரைக் கடக்கும் நேரத்துக்குள் செய்தி முடிந்துவிட வேண்டும். விரலால் தள்ளிக்கொண்டே போகும் இன்றைய வாசகரை நிறுத்துவதற்குச் சொல்லும் உத்திகள் அனைத்தும் அந்த அறிவிப்பாளர்களுக்குத் தெரிந்திருந்தன.

பிறகு வந்தது 1990. குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மின்கலம் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. அச்சுத் தாளும் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்தன. செய்திக்கே இடமில்லாத பத்திரிகையில் விளம்பரத்துக்கு எப்படி இடம் கிடைக்கும்? கடை வாசலில் சோக்கால் எழுதிய கரும்பலகைதான் அப்போது விளம்பரம். 'மண்ணெண்ணெய் உண்டு' என்ற இரு சொற்கள் போதும், வரிசை நின்றுவிடும். பொருள் தட்டுப்பாடான காலத்தில் விளம்பரம் இதைவிடச் சுருங்க முடியாது.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் பெயர்ந்தது. பெரும் பகுதி மக்கள் தென்மராட்சிக்கும் வேறு சிலர் வடமராட்சிக்கும் வந்தார்கள். மக்களோடு கடைகளும் பெயர்ந்தன. 'முன்னர் கஸ்தூரியார் வீதியில், தற்போது இங்கே' என்ற தொனியில் மட்டை அட்டைகளில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். அவற்றின் அருகிலேயே, பிரிந்த உறவினரைத் தேடி எழுதிய துண்டுகளும் ஒட்டப்பட்டிருந்தன. இரண்டும் ஒரே மொழியில் எழுதப்பட்டவை: பெயர், முன்பிருந்த இடம், இப்போதிருக்கும் இடம். நான் வாசித்த விளம்பரங்களுள் இன்றும் மனத்தைவிட்டு அகலாதவை அவைதாம். அவற்றை எவரும் படம் பிடித்து வைத்ததாகத் தெரியவில்லை.

கைத்தொலைபேசி குடாநாட்டில் பரவியது 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர்தான். அதனோடு வந்த குறுந்தகவல் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் தமிழில் விற்பவரை நேரடியாகப் பாதித்த தொழில்நுட்பம் அது. குறுந்தகவலின் அளவு 160 எழுத்து என்று எல்லோரும் சொல்வார்கள். 1980களின் நடுப்பகுதியில் ஜெர்மனியைச் சேர்ந்த பிரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் முதலான பொறியியலாளர்கள் வகுத்த அந்த அளவு இலத்தீன் எழுத்துக்கு மட்டும் உரியது. தமிழில் எழுதினால் அதே குறுந்தகவலில் 70 இடங்கள்தாம். அந்த 70உம் முழுமையாக நமக்கில்லை. யூனிகோட் முறையில் உயிர்மெய்யின் குறியும் மெய்யின் புள்ளியும் தனித்தனி இடம் பிடிக்கின்றன. 'நெல்லியடி' என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு ஒன்பது இடம். 'பருத்தித்துறை' ஏழு எழுத்து, பதின்மூன்று இடம். ஊர்ப்பெயர் இரண்டையும் இடையில் ஒரு வெற்றிடத்தையும் இட்டாலே எழுபதில் இருபத்துமூன்று தீர்ந்துவிடும். எழுபதைத் தாண்டினால் இரண்டாவது குறுந்தகவலுக்கும் சேர்த்துக் கட்டணம்.

சொல்லை எண்ணிய காலத்தில் தமிழுக்கு இலாபம். குறியை எண்ணிய காலத்தில் தமிழுக்கு நட்டம். பல கைத்தொலைபேசிகள் தமிழ் எழுத்தை வெறும் கட்டங்களாகவே காட்டின. இவற்றின் விளைவாகத் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் வழக்கம் வேரூன்றிவிட்டது. இளைய தலைமுறைக்குத் தமிழ்ப் பற்றில்லை என்று கடிந்துகொள்பவர்கள் இந்தக் கட்டணக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். 2006இல் தொடங்கிய ருவிற்றரும் இதன் பிள்ளைதான். 160இல் பயனர் பெயருக்கு 20 ஒதுக்கிய பிறகு மிஞ்சிய 140ஐத் தன் எல்லையாகக் கொண்டது. 2017 நவம்பரில் அந்த எல்லை 280 ஆனது. முகநூலில் அத்தகைய நெருக்கடி இல்லை. எங்கள் வணிகர்கள் பெரும்பாலும் முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் குடியேறியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இப்போது சொல்லும் அரிதன்று, தாளும் அரிதன்று. அரிதாகிவிட்டது வாசகரின் கவனம். எனவே சுருக்கம் தொடர்கிறது. ஆனால் சுருக்கும்போது எதை வெட்டுகிறார்கள் என்பதில்தான் எனக்கு மனக்குறை. பழைய விளம்பரம் புகழுரையை வெட்டி முகவரியை வைத்தது. இன்றைய இடுகைகள் பலவற்றில் 'அசல்', 'பாரம்பரியம்', 'அம்மாவின் கைப்பக்குவம்' எல்லாம் இருக்கின்றன, முகவரி இல்லை. விலையும் இல்லை. விலை வேண்டுமென்றால் உள்பெட்டிக்கு வரச் சொல்கிறார்கள். சந்தியில் கடை வைத்திருப்பவர் விலையைக் காட்சிப்படுத்த வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் விதிக்கிறது. அதே பொருளைத் திரையில் விற்பவருக்கு ஏன் இந்தக் கூச்சம்? வெளிநாட்டிலிருந்து வாங்குபவருக்கு ஒரு விலை, உள்ளூருக்கு ஒரு விலை என்பதை மறைக்கத்தான் என்று ஒரு வணிகரே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார்.

நன்றாக விற்பவர்களின் இடுகைகளையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் தினமும் 'வாங்குங்கள்' என்று எழுதுவதில்லை. இன்று மிளகாய் வெயிலில் காய்கிறது, மழை வந்ததால் பொதி இரண்டு நாள் தாமதம், இம்முறை பனங்கட்டி குறைவாகவே கிடைத்தது என்று ஒவ்வொரு வரி எழுதுகிறார்கள். இருபது, முப்பது ஆண்டுகளாக ஊருக்கு வராத ஒருவருக்கு அந்த வரி ஊர்ச் செய்தி. தாமதத்தை முன்கூட்டிச் சொன்னவரிடம் அவர் அடுத்த முறையும் வாங்குகிறார்.

இந்தக் கடைத்தெருவின் நிலம் யாருடையது என்பது வேறு கதை. 2018 மார்ச்சில், திகன வன்முறையை அடுத்து, முகநூலும் வட்ஸ்அப்பும் நாடு முழுவதும் ஏறத்தாழ ஒரு வாரம் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரலில், உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளை அடுத்து, மீண்டும் முடக்கினார்கள். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, பொருளாதார நெருக்கடிக்கு எதிரான போராட்டத்தின்போது, பல மணி நேரம். அங்காடி முழுவதையும் முகநூலில் வைத்திருந்தவருக்கு அந்த நாட்களில் கடையும் இல்லை, வாடிக்கையாளர் பட்டியலும் இல்லை. முடக்கம் இல்லாத நாளிலும், கணக்கு பூட்டப்பட்டால் முறையிட உள்ளூரில் ஓர் அலுவலகம் இல்லை.

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த நாட்களில் ஈழநாடு அலுவலகமும் எரிந்தது. அப்படியிருந்தும் தப்பிய பழைய இதழ்களை நூலகம் நிறுவனம் போன்றவர்கள் மின்வடிவில் சேமித்து வருகிறார்கள். அந்தப் பக்கங்களில் சைக்கிள் கடை, நகைக் கடை, தையற்கடை என்று ஊர் எதை விற்றது, எதை வாங்கியது என்பது அப்படியே இருக்கிறது. இன்றைய இடுகைகளை அவ்வாறு சேமிப்பார் எவருமில்லை. கணக்கு மூடப்பட்டால் அதனோடு அவையும் போய்விடும். நெல்லியடியில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தினர் தமது இடுகைகளையும் வந்த கட்டளைகளையும் மாதந்தோறும் ஒரு கொப்பியில் கையால் எழுதி வைக்கிறார்கள். வருமான வரிக்காகவா என்று கேட்டேன். இல்லை, பக்கம் போனாலும் ஆட்களை மறுபடி தேடிப் பிடிப்பதற்காக என்றார்கள்.