பேதுரு பேராலயக் குவிமாடமும் ஒரு சங்கிலியும்

உரோமையிலுள்ள புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடத்தை அண்ணாந்து நோக்குவோர் அதன் பேரழகில் தம்மை மறப்பர். ஆனால் உரோமை மக்கள் அதனை அச்சத்தோடு நோக்கிய காலமும் ஒன்று இருந்தது.

மைக்கேல் ஆஞ்சலோ வடிவமைத்த இக்குவிமாடம், 1564இல் அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், ஜாக்கொமோ தெல்லா போர்த்தாவால் 1590இல் வளைத்து மூடப்பெற்றது. உட்புற விட்டம் ஏறத்தாழ 42 மீட்டர். பதினெட்டாம் நூற்றாண்டில் அதன் சுவரில் மேல்நோக்கி ஓடும் வெடிப்புகள் பெருகின. குவிமாடம் விழுந்துவிடுமோ என்ற பேச்சு நகரெங்கும் பரவிற்று.

குறை கல்லின் இயல்பில் இருந்தது. கல்லும் செங்கல்லும் பெரும் அழுத்தத்தைப் பொறுக்கும், இழுத்தால் எளிதில் பிளந்துவிடும். குவிமாடமோ தன் எடையாலேயே அடிப்பகுதியில் வெளிநோக்கி அகல முனைகிறது. அதைக் கட்டிப்பிடிக்கவே, இழுவிசையைத் தாங்கும் இரும்பு வளையங்களை அன்றே உள்ளே பதித்திருந்தனர். அவை போதவில்லை.

திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் கணித அறிஞர் மூவரை ஆராயப் பணித்தார்: மினிம் சபைத் துறவியரான லெ சேர், ஜாக்கியே, சேசு சபைத் துறவி பாஸ்கோவிச். இரும்பின் வலிமை போதாது என்று கணக்கிட்டு, புதிய வளையங்கள் தேவை என்றனர் அவர்கள். கணிதமின்றிக் கட்டியதைக் கணிதமின்றியே செப்பனிடலாமே என்று எள்ளியோரும் உண்டு.

1743இல் பதுவைப் பேராசிரியர் போலேனி அழைக்கப்பெற்றார். அவர் கையாண்டது ஓர் எளிய சங்கிலி. தொங்கும் சங்கிலியில் இழுவிசை மட்டுமே உண்டு. அவ்வடிவைத் தலைகீழாக்கினால் அழுத்தம் மட்டுமே எஞ்சும். இவ்வுண்மையை ஆங்கிலேயர் ராபர்ட் ஹூக் 1675இலேயே கண்டிருந்தார். குவிமாடத்தை 50 கீற்றுகளாகப் பகுத்துக்கொண்ட போலேனி, ஒரு கீற்றின் எடைக்கேற்பச் சங்கிலியில் குண்டுகளைக் கோத்துத் தொங்கவிட்டார். அதன் வளைவைத் தலைகீழாக்கிப் பார்த்தபோது, அது குவிமாடச் சுவரின் பருமனுக்குள்ளேயே அடங்கிற்று. ஆகவே, வெடிப்பு இருப்பினும் குவிமாடம் நிற்கும்; எனினும் வளையங்கள் இடுவதே நலம் என்றார்.

கட்டடக் கலைஞர் வான்வித்தெல்லியின் மேற்பார்வையில் ஐந்து வளையங்கள் பூட்டப்பெற்றன. பழைய வளையம் ஒன்று அறுந்து கிடந்தது பின்னரே தெரியவந்தது. 1748இல் ஆறாவது வளையமும் சேர்க்கப்பெற்றது.

வெடிப்பை மறைக்காமல் ஆராய்ந்தனர். ஆராய்ந்தபின் அஞ்சாமல் செப்பனிட்டனர். கல்லால் இயலாததை இரும்பு தாங்குகிறது. குவிமாடம் இன்றும் நிற்கிறது. ஒருவர் குறையை மற்றவர் தாங்கி நிற்கும் திருச்சபைக்கு இதனினும் பொருத்தமான கூரை வேறு ஏது?