வண்டலூர் ஹெரால்டு



கும்மிடிப்பூண்டி உருக்காலைகளுக்குப் பழைய இரும்பு ஏற்றிப் போகும் லாரிகள் எங்கள் கவரைப்பேட்டை வழியாகத்தான் போகும். சென்ற மாதம் ஒரு லாரியின் உச்சியில் கிடந்த காரின் முன்பகுதியைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். புருவம் வைத்த மாதிரி முகப்பு விளக்கு. ஸ்டாண்டர்டு ஹெரால்டு!

1960களில் நம் சாலைகளில் ஓடிய புது கார்கள் பெரும்பாலும் மூன்றே: அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு. இதில் ஹெரால்டு நம் சென்னைப் பிள்ளை. 1948இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் வண்டலூரில் தயாரித்தது. எஞ்சின் 948 சி.சி. மூலம் 1959இல் வெளிவந்த இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு. ஆனால் அதற்கு உருவம் கொடுத்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜொவான்னி மிக்கெலோட்டி.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்குக் 'கரோஸ்ரி' என்ற சொல் பழக்கம். வண்டியின் மேற்கூடு என்று பொருள். டூரினில் அதை வரைவதே தனித் தொழில். இதே மிக்கெலோட்டி, ஹெரால்டின் சேசிஸைக் குறுக்கி, 1962இல் வந்த ஸ்பிட்ஃபயர் என்ற இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் காரையும் வடிவமைத்தார். அந்த வகையில் நம் ஊர் டாக்டர்கள் ஓட்டியது ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் அண்ணனை!

பானட் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். மெக்கானிக் டயர் மேல் உட்கார்ந்தே வேலை பார்ப்பார். 25 அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும்.

ஒரே குறை, இரண்டே கதவு. என் மேலதிகாரி ஒருவரிடம் ஹெரால்டு இருந்தது. அவருடைய தாயார் பின்னால் ஏற வேண்டுமென்றால் முன் இருக்கையை மடக்கிவிட்டு, குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நுழைவார். ஒருநாள், "எனக்கு பஸ்ஸே போதும்ப்பா" என்று சொல்லிவிட்டார்.

1960களின் பிற்பகுதியில் வண்டலூரில் நான்கு கதவு ஹெரால்டு வந்தது. இங்கிலாந்தில்கூட அப்படி ஒன்று கிடையாது. இத்தாலியரின் அழகு கெட்டுவிட்டது என்று சிலர் குறைப்பட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அம்மா ஏற முடியாத அழகு நம் வீட்டுக்கு எதற்கு?

1970களில் கேசல் வந்தது. 1985இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 நிலைக்கவில்லை. பிறகு ஆலையும் நின்றது.

உங்கள் வீட்டுக் கொட்டகையில் ஒரு ஹெரால்டு தூசி படிந்து நின்றால், பழைய இரும்புக்காரரைக் கூப்பிடுமுன் பேரப்பிள்ளைகளை அழைத்து ஒருமுறை அந்த பானட்டைத் திறந்து காட்டுங்கள். அப்புறம் விற்க மனசு வருகிறதா பார்ப்போம்.