நான்காவது விடை: கண்காணிப்புச் செருகுநிரல்களின் சிறு வரலாறு

அருமனையில் ஐப்பசி மழை பிடித்துவிட்டால் நாளிதழில் பலரும் முதலில் தேடுவது ஒரு சிறிய பெட்டிச் செய்தியை. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு ஒன்று, சிற்றாறு இரண்டு என்று அணைகளின் பெயர்கள் இருக்கும். எதிரே அன்றைய நீர்மட்டம் அடிக்கணக்கில் இருக்கும். என் பாட்டா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை உரக்க வாசிப்பார். பேச்சிப்பாறையின் முழு மட்டம் 48 அடி. நீர் 42 அடியைத் தொட்டால் முதற்கட்ட வெள்ள எச்சரிக்கை விடுவார்கள். உபரி நீரைத் திறந்துவிட்டால் திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை வரும். குழித்துறை வரைக்கும் ஆற்றங்கரையில் இருப்பவர்கள் கவனமாக இருந்தாக வேண்டும்.

திருவிதாங்கூரில் மூலம் திருநாள் மகாராஜாவின் காலத்தில், மிஞ்சின் என்ற பொறியாளரின் மேற்பார்வையில், 1897 முதல் 1906 வரை கட்டப்பட்ட அணை அது. அணையைக் கட்டியவுடன் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய கடமையும் பிறந்துவிட்டது. ஓர் அளவு, அந்த அளவுக்கு ஓர் எல்லை, எல்லை தாண்டினால் ஒரு செய்தி: கண்காணிப்பு என்பதன் மொத்த இலக்கணமும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். பிழைப்புக்காகத் திருவனந்தபுரம் சென்று, சர்வர்கள் எனப்படும் வழங்கிகளைக் கவனிக்கும் வேலையில் சேர்ந்தபோது, நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்ததும் இதே இலக்கணத்தைத்தான். அதில் நான்காவதாக ஒன்று உண்டு என்பதை மட்டும் மிகத் தாமதமாகத் தெரிந்துகொண்டேன். இக்கட்டுரை அந்த நான்காவதைப் பற்றியது. இலக்கிய நண்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

கணினி வலையமைப்புகள் பெருகத் தொடங்கிய காலத்தில், ஒவ்வொரு கருவியும் தன் நிலையை எண்களாகச் சொல்வதற்கான பொதுமொழி ஒன்று 1988-இல் வகுக்கப்பட்டது. எஸ்.என்.எம்.பி. என்று அதற்குப் பெயர். கருவிகள் பேசத் தொடங்கின. உட்கார்ந்து கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. 1994-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த டோபி ஓட்டிக்கர் என்பவர், வெளியுலகத்துக்குத் தங்களுக்கிருந்த ஒரே 64 கிலோபிட் இணைப்பு எந்நேரம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று வரைபடமாகக் காட்டும் நிரலை எழுதினார். எம்.ஆர்.டி.ஜி. என்ற அந்த நிரல் 1995-இல் பொதுவில் வெளியாகி உலகெங்கும் பரவியது. அணையின் சுவரில் வரைந்த அளவுகோலைப் போன்ற ஒன்று கணினி உலகுக்கும் கிடைத்தது என்று சொல்லலாம்.

அளவுகோல் எச்சரிக்காது. எச்சரிக்கும் காவலாளியை உருவாக்கியவர்களுள் முக்கியமானவர் ஈதன் கால்ஸ்டாட் என்ற அமெரிக்கர். 1996-இல் அவர் எழுதியது டாஸ் இயங்குதளத்தில் ஓடிய எளிய நிரல். நோவெல் வழங்கிகள் உயிரோடு இருக்கின்றனவா என்று தட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். அதே எண்ணத்தை லினக்ஸ் இயங்குதளத்துக்காக விரித்தெழுதி, 1999-இல் நெட்செயின்ட் என்ற பெயரில் திறமூல மென்பொருளாக வெளியிட்டார். வணிகப் பெயர் சம்பந்தமான சிக்கலால் 2002-இல் அது நாகியோஸ் ஆயிற்று. கிரேக்கத்தில் 'அகியோஸ்' என்றால் புனிதர். பழைய பெயரிலிருந்த புனிதரை விட்டுவிட மனமில்லாமல், 'இது புனிதப் பட்டம் கேட்டு அடம்பிடிக்காது' என்று பொருள்படும் ஆங்கில வாக்கியம் ஒன்றின் முதலெழுத்துகளிலிருந்து அப்பெயரை அமைத்தார்கள்.

நாகியோஸின் சிறப்பு அதன் அறியாமை. வட்டு நிரம்பியதா, மின்னஞ்சல் போகிறதா, தரவுத்தளம் விடையளிக்கிறதா என்று அதற்குத் தானாக எதையும் சோதிக்கத் தெரியாது. ஒவ்வொரு சோதனைக்கும் பிளகின் எனப்படும் ஒரு செருகுநிரலை ஓடச் சொல்லிவிட்டு, விடைக்குக் காத்திருக்கும். செருகுநிரல் திருப்பித் தர வேண்டியவை இரண்டே: மனிதர் படிக்க ஒரு வரி, எந்திரம் படிக்க ஓர் எண். 0 என்றால் நலம். 1 என்றால் எச்சரிக்கை. 2 என்றால் ஆபத்து. 3 என்றால் தெரியவில்லை. செருகுநிரலை எந்த மொழியில் எழுதினால் என்ன, யார் எழுதினால் என்ன, இந்த உடன்படிக்கை போதும். ஊர் பேர் தெரியாத பலர் எழுதிய செருகுநிரல்கள் இவ்வாறுதான் குவிந்தன.

அதே காலத்தில் நார்வே நாட்டில் முனின் என்ற மற்றொரு மென்பொருள் உருவாயிற்று. வடதேசத்துத் தொன்மத்தில் ஓடின் என்ற கடவுளுக்கு இரண்டு காக்கைகள். அவை நாள்தோறும் உலகைச் சுற்றி வந்து கண்டதைக் காதில் சொல்லும். அவற்றுள் நினைவின் பெயரைத் தாங்கிய காக்கை முனின். பெயருக்கேற்ப இம்மென்பொருள் செருகுநிரல்கள் கொண்டுவரும் எண்களைச் சேமித்து, நாள், வாரம், மாதம், ஆண்டு என்று வரைபடங்களாக்கியது.

தமிழ்நாட்டுக்கும் இவ்வரலாற்றில் இடம் உண்டு. இன்று ஸோஹோ என்று அறியப்படும் நிறுவனம் 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது அதன் முதல் தொழில் வலையமைப்பு மேலாண்மைக்கான மென்பொருள்களே; ஆப்மேனேஜர் என்ற கண்காணிப்பு மென்பொருள் அந்த வழியில் வந்தது. 2009-இல் நிறுவனத்தின் பெயர் மாறியது. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையிலும் அது அலுவலகம் வைத்திருக்கிறது. எங்கள் மலைக்கு அந்தப் பக்கம் பெய்யும் மழையைப் பார்த்துக்கொண்டே எங்கோ தொலைதூரத்து வழங்கிகளைக் கவனிக்கும் மென்பொருளை எழுத முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

கூட்டு முயற்சிகளுக்கு உரிய பிணக்குகளும் வராமலில்லை. 2009-இல் அதிருப்தியுற்ற நிரலாளர்கள் பிரிந்து சென்று ஐசிங்காவைத் தொடங்கினர். 2014 ஜனவரியில் செருகுநிரல்களுக்கான இணையதளத்தின் முகவரி நாகியோஸ் நிறுவனத்தால் வேறிடத்துக்குத் திருப்பப்பட, அதுவரை அவற்றைப் பேணி வந்த குழுவினர் 'மானிட்டரிங் பிளகின்ஸ்' என்று பெயரை மாற்றிக்கொண்டு தனியே நடந்தனர். இத்தனை பாகப்பிரிவினைக்குப் பிறகும் அந்த நான்கு எண்களின் உடன்படிக்கையை ஒருவரும் மீறவில்லை. ஒரு வீட்டுக்கு எழுதிய செருகுநிரல் மற்ற வீட்டிலும் ஓடுகிறது.

செருகுநிரலை நிறுவுவது எளிது; அது ஏன் ஓடவில்லை என்று கண்டறிவதுதான் தொழில். அங்கும் எண்களே வழிகாட்டிகள். நாகியோஸ் 127 என்று முறையிட்டால், சொன்ன இடத்தில் கோப்பே இல்லை, அல்லது அது அழைக்கும் வேறொரு நிரல் இல்லை. 126 என்றால், கோப்பு இருக்கிறது, ஆனால் அதற்கு இயங்கும் அனுமதி இல்லை. புதிதாக வருபவர்கள் தவறாமல் விழும் குழி ஒன்று உண்டு. எல்லா அதிகாரமும் உள்ள தலைமைப் பயனராக நுழைந்து செருகுநிரலைக் கையால் ஓட்டிப் பார்ப்பார்கள், அழகாக ஓடும். நாகியோஸோ அதிகாரம் குறைந்த தனிப் பயனராக அதை ஓட்டும், அப்போது ஓடாது. சோதிப்பவர் அந்தப் பயனராகவே மாறிச் சோதிக்க வேண்டும். தொலைவிலுள்ள கணினியில் செருகுநிரலை ஓட்டித்தரும் என்.ஆர்.பி.இ. என்ற துணைநிரலில், வெளியிலிருந்து வரும் அளபுருக்களை ஏற்கலாமா என்று கேட்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது. அதன் பெயரே 'என்.ஆர்.பி.இ.யைப் பழிக்காதே' என்பது. கதவைத் திறந்து வைத்தவன் திருடனைப் பற்றிப் புகார் சொல்லக்கூடாது என்று எழுதியவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

இனி என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். மார்த்தாண்டம் பக்கம் ஒரு சிறு அலுவலகத்தின் கணினியில் நாள்தோறும் காப்புநகல் எடுக்கப்படுகிறதா என்று பார்க்க நானே ஒரு செருகுநிரல் எழுதினேன். தொலைக் கணினியைக் கேட்கும் ஒரு கட்டளை. அதன் நீண்ட விடையைச் சுருக்க, குழாய்வழி இணைத்த ஒரு வடிகட்டி. அப்படி இணைத்த கட்டளைகளில் கடைசிக் கட்டளையின் விடை எண்ணே மொத்தத்தின் விடை எண்ணாகும் என்பது யூனிக்ஸ் மரபு. கேள்வி தோற்றாலும் வடிகட்டி வெறுமையை வடிகட்டிவிட்டு வெற்றி என்று 0 சொல்லும். அந்தக் கணினி இருக்கிறதா என்று தனியே சோதிக்கும் கட்டளையையும் நான் எழுதவில்லை. சோதனைக் கட்டளை இல்லாவிட்டால் நாகியோஸ் அந்தக் கணினி உயிரோடிருப்பதாகவே எடுத்துக்கொள்ளும்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கியது. ரப்பர் மரங்களும் வாழைகளும் மின்கம்பங்களும் சாய்ந்தன. பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. அருமனையில் என் வீட்டுத் தொலைபேசியே எடுக்கப்படவில்லை. அப்போது திருவனந்தபுரத்தில் என் கணினித் திரையில் மார்த்தாண்டத்துக் காப்புநகல் பச்சை நிறத்தில் 'நலம்' என்றது. மின்சாரமே இல்லாத ஊரில் ஒரு கணினி மட்டும் எப்படி நலமாக இருக்கும் என்று கேட்க எனக்கு நான்கு நாள் ஆயிற்று. தோண்டிப் பார்த்தபோது தெரிந்தது, அந்தக் காப்புநகல் புயலுக்குப் பல வாரங்களுக்கு முன்பே நின்றுபோயிருந்தது.

நாங்கள் இழந்தது சில வாரக் கணக்கு, மறுபடி எழுதிக்கொள்ளலாம். எங்கள் மாவட்டத்தின் கடற்கரையோ அந்நாட்களில் வேறொன்றைச் சுமந்துகொண்டிருந்தது. புயலுக்குப் பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த படகுகளுக்கு எச்சரிக்கை எட்டவில்லை; எட்டச் செய்யும் கருவியும் அவற்றில் இல்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று ஊர் ஊராகப் பெண்கள் கரையில் நின்றார்கள். தெரியவில்லை என்ற சொல்லைத் தவிர யாரிடமும் அவர்களுக்கு விடை இல்லை. பலர் திரும்பவே இல்லை. அதன் பின்னரே செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடல் படகுகளுக்குத் தகவல் அனுப்பும் கருவிகளைக் கொடுக்கும் முயற்சிகள் நடந்தன. கணினிக் கணக்கையும் மனித உயிர்களையும் ஒரு தட்டில் வைக்க நான் துணியமாட்டேன். ஆயினும் செய்தி வராததை நலம் என்று எடுத்துக்கொள்ளும் மனப்பழக்கம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான் என்பதை அந்த வாரத்தில் உணர்ந்தேன்.

நாகியோஸின் நான்கு விடைகளில் 3 என்பதை நான் அதுவரை மதித்ததில்லை. அது வந்தால் எரிச்சலோடு அணைத்து வைப்பேன். அதுவே நான்கிலும் நேர்மையான விடை. கேட்கப் போனேன், கேட்க முடியவில்லை என்று ஒப்புக்கொள்ளும் சொல் அது. சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் 2012-இல் தொடங்கப்பட்டு இன்று பரவலாக வழங்கும் புரொமீதியஸ் மென்பொருள் இதைப் புரிந்துகொண்டு பிறந்தது போலும். ஒவ்வொரு கணினியிடமும் அளவுகளைக் கேட்கப் போகும்போது, கேட்க முடிந்ததா என்பதையே தனி அளவாக, 1 அல்லது 0 என்று தானே குறித்துக்கொள்கிறது.

புயலுக்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். புதிய செருகுநிரலை நிறுவியதும் பச்சை வருகிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. அது கவனிக்கும் சேவையை வேண்டுமென்றே நிறுத்துகிறேன். சிவப்பு வர வேண்டும். பிறகு இணைப்பைத் துண்டிக்கிறேன். தெரியவில்லை என்று வர வேண்டும். இரண்டும் வராத செருகுநிரலை எவ்வளவு பெரியவர் எழுதியிருந்தாலும் நம்புவதில்லை.

சிறுவயதில் ஒருநாள் மழையில் நாளிதழ் வரவில்லை. பாட்டாவைச் சமாதானப்படுத்த, பேச்சிப்பாறையில் முந்தைய நாள் அளவுதான் இருக்கும் என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "தெரியாதுண்ணா தெரியாதுண்ணு சொல்லணும் மக்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு ஆற்றைப் பார்க்கப் போனார்.