மூத்தம்மாவின் பாயும் எங்கள் காபட்டும்



நோன்புப் பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கையில் எங்கள் மூத்தம்மா ஹோலில் விரித்திருந்த காபட்டிலேயே சிறுநீர் கழித்துவிட்டார். எண்பது தாண்டிய மனுசி. அவருக்கே தெரியாமல் நடந்தது. நாங்கள் யாரும் ஏசவில்லை. ஆனால் பெருநாளைக்கு ஆட்கள் வருவார்கள், வாடை வரும் என்று சொல்லி அவருடைய கட்டிலைப் பின் அறைக்கு மாற்றினோம். ஏசுவதைவிட அது அவரை நோகடித்திருக்கும் என்பது அன்றைக்கு எங்களுக்கு விளங்கவில்லை.

விளங்கியது பெருநாள் விடுமுறை முடிந்து வகுப்பில் பாடம் எடுக்கும்போதுதான். எல்லோரும் சிறுவயதில் படித்த சம்பவம். மஸ்ஜிதுந் நபவிக்குள் வந்த ஒரு காட்டரபி, பள்ளியின் ஒரு பக்கத்திலேயே சிறுநீர் கழிக்கத் தொடங்கினார். தோழர்கள் அவரை அதட்டினார்கள். நபி (ஸல்) அவர்கள் தோழர்களைத்தான் தடுத்தார்கள். அந்த மனிதர் முடிக்கும்வரை விடச் சொன்னார்கள். பிறகு அந்த இடத்தில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றச் சொன்னார்கள். அவரை அழைத்து, பள்ளிவாசல் எதற்குரிய இடம் என்பதை மென்மையாக விளக்கினார்கள். புஹாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி இது. நாங்கள் பிள்ளைகளுக்குப் பல தடவை சொல்லிக்கொடுத்ததுதான். இந்தமுறை சொல்லும்போது குரல் இறங்கிப்போனது.

இதே புஹாரியில் இன்னொரு சம்பவம் இருக்கிறது. முலைக்கா (ரழி) எனும் மூதாட்டி உணவு சமைத்து நபியவர்களை வீட்டுக்கு அழைத்தார்கள். உண்டு முடித்ததும் நபியவர்கள் அங்கேயே தொழ விரும்பினார்கள். வீட்டில் இருந்ததோ நெடுநாள் பாவித்துக் கறுத்துப்போன ஒரு பாய். அனஸ் (ரழி) அவர்கள் அதில் தண்ணீர் தெளித்து விரித்தார்கள். நபியவர்கள் அதில் நின்று தொழுவித்தார்கள். அனஸும் ஓர் அநாதைச் சிறுவனும் பின்னால் நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால் அந்த மூதாட்டி நின்றார்கள். கறுத்த பாய் என்று யாரும் கூச்சப்பட்டதாக அந்த அறிவிப்பில் இல்லை.

எங்கள் மூத்தம்மாவும் பாயை அறிந்தவர்தான். கிழக்கு மாகாணத்தில் எத்தனையோ முஸ்லிம் பெண்கள் பன்பாய் இழைத்துக் குடும்பம் பார்த்தார்கள். சதுப்பு நிலத்தில் வளரும் பன்னை வெட்டி, காயவைத்து, சாயம் போட்டு, குந்தியிருந்து இழைப்பார்கள். அந்தப் பாயில்தான் சஹன் வைத்துச் சாப்பிட்டோம், குர்ஆன் ஓதினோம், படுத்தோம். கறி கொட்டும், பிளேன்டீ கொட்டும், குழந்தை ஈரமாக்கும். கிணற்றடியில் இரண்டு வாளி தண்ணீரை ஊற்றி, உதறி, வேலியில் போட்டால் அந்தியாகும்போது காய்ந்துவிடும். பாயில் கொட்டியதற்காக யாரும் பதறி நாங்கள் கண்டதில்லை.

காபட் வந்த கதை வேறு. 1973இல் எண்ணெய் விலை ஏறி வளைகுடா நாடுகளில் பணம் பெருகியது. 1977இல் எமது நாட்டில் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. அதன் பின்னர் எமது பெண்கள் பலர் வீட்டுப் பணிப்பெண்களாக விமானம் ஏறினார்கள். எங்கள் உம்மாவும் போனார். திரும்பி வரும்போது சுருட்டிக் கட்டிய ஒரு காபட்டைக் கொண்டுவந்தார். இன்னொருவரின் வீட்டுக் காபட்டை முழந்தாளிட்டுத் துடைத்த சம்பளத்தில் வாங்கியது. அதனால்தான் அதில் ஒரு துளி விழுந்தாலும் எங்களுக்கு நெஞ்சு பதறியது. அந்தப் பதற்றத்தை நாங்கள் குறைசொல்ல மாட்டோம். ஆனால் அந்தக் காபட்டுக்காக, உம்மா வெளிநாட்டில் இருந்த காலமெல்லாம் எங்களை வளர்த்த மூத்தம்மாவையே பின் அறைக்கு அனுப்பினோமே, அதைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை.

கறையே படாத காபட் வேண்டும் என்ற ஆசை உலகம் முழுவதும் இருந்தது. 1953இல் அமெரிக்காவின் 3எம் நிறுவன ஆய்வுகூடத்தில் ஓர் உதவியாளரின் சப்பாத்தில் ஒரு இரசாயனம் தற்செயலாகச் சிந்தியது. அது கழுவியும் போகவில்லை. சிந்திய இடத்தில் தண்ணீரும் எண்ணெயும் ஒட்டவில்லை. பாட்சி ஷெர்மன், சாமுவேல் ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் அதைக் கவனித்து உருவாக்கியதுதான் ஸ்கொட்ச்கார்ட். 1956இல் விற்பனைக்கு வந்தது. பின்னர் காபட்டுகளுக்கும் சோபாக்களுக்கும் பூசினார்கள். ஆனால் அதனோடு தொடர்புடைய பீஎஃப்ஓஎஸ் என்ற இரசாயனம் இயற்கையில் அழிவதில்லை. உலகின் பல பகுதிகளில் மனித இரத்தத்தில்கூட அது காணப்பட்டது. அதன் உற்பத்தியைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக 2000இல் அந்த நிறுவனமே அறிவித்தது. 2009இல் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் அது சேர்ந்தது. காபட்டில் கறை படக்கூடாது என்று செய்த பொருள் கடைசியில் மனிதனின் இரத்தத்தில் தங்கிவிட்டது.

இப்போது நாங்கள் செய்வதைச் சொல்கிறோம். வீட்டில் வயோதிபரோ குழந்தையோ உள்ளவர்களுக்கு உதவலாம்.

ஈரம் பட்டவுடன் தேய்ப்பதில்லை. தேய்த்தால் அது காபட்டின் அடிவரை இறங்கிவிடும். பழைய பருத்தித் துணியை வைத்து அழுத்தி ஒற்றி எடுக்கிறோம். துணியில் ஈரம் வராத அளவுக்கு ஒற்றிய பிறகுதான் தண்ணீர் ஊற்றுகிறோம், மறுபடி ஒற்றுகிறோம். முடிந்தால் மதிலில் போட்டு வெயில் காட்டுகிறோம். மஞ்சள் கறையும் வெயிலில் மெல்ல மங்கும். சிறுநீர் பட்ட இடத்தில் குளோரின் பிளீச் ஊற்றவே வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் மூச்சை அடைக்கும் நச்சு வாயு வரும்.

சுத்தம் செய்தும் நிறம் கொஞ்சம் மிஞ்சினால் மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆடையில் பட்ட இரத்தக் கறை போகவில்லையே என்று கேட்ட கவ்லா பின்த் யஸார் (ரழி) அவர்களுக்கு, தண்ணீர் போதும், அடையாளம் இருப்பதால் தீங்கில்லை என்ற கருத்தில் நபியவர்கள் விடை சொன்னதாக அபூதாவூதில் வருகிறது. இது பத்வா அல்ல. உங்கள் வீட்டு நிலைமையை ஊர் ஆலிம் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூத்தம்மாவின் கட்டில் இப்போது மறுபடியும் ஹோலில் இருக்கிறது. காபட்டைச் சுருட்டி வைத்துவிட்டு ஒரு பன்பாய் வாங்கி விரித்தோம். அவர் குனிந்து ஓரத்தைத் தடவிப் பார்த்து, இழை நெருக்கமாக இல்லை என்று குறை சொன்னார். அன்றைக்கு எங்களுக்கு அதுதான் பெருநாள்.

ஹஜ்ஜுப் பெருநாள் வருகிறது. வீட்டைக் கழுவுவோம், விரிப்பை மாற்றுவோம். அதற்கு முன்னர் உங்கள் வீட்டு மூத்தவர்கள் எந்த அறையில் இருக்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள். பன்பாய் இழைத்த உம்மாமார், மூத்தம்மாமார் உங்கள் வீட்டிலும் இருந்தால் அவர்களைப் பற்றிக் கீழே எழுதுங்கள்.