கத்திவாக்கத்தின் பறவைக் கணக்கு

சென்னையில் பறவை பார்ப்பது என்றால் கிண்டி, பள்ளிக்கரணை, அடையாறு பூங்கா என்றுதான் பேச்சு போகும். எண்ணூர் பக்கம் என்றால் துறைமுகம், கன்டெய்னர் லாரி, புகைபோக்கி! ஆனால் இந்த ஊருக்கும் ஒரு பறவை வரலாறு உண்டு.

1708-ல் நவாப் தாவூத் கான், செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்காரர்களுக்கு ஐந்து கிராமங்களைக் கொடுத்தார். திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, சாத்தங்காடு ஆகியவற்றோடு கத்திவாக்கமும் அதில் ஒன்று. அதே காலத்தில் கோட்டையில் மருத்துவராக இருந்த எட்வர்ட் பக்லி, சென்னைப் பறவைகளின் படங்களை லண்டனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அவற்றில் 22 பறவைகள், 1713-ல் வெளியான ஜான் ரேயின் பறவை நூலில் இடம்பெற்றன. இந்தியப் பறவைகளைப் பற்றி ஐரோப்பாவில் அச்சான முதல் பட்டியல்களில் ஒன்று அது. ஆக, இந்த நிலம் கம்பெனியின் கணக்கில் ஏறியதும், சென்னைப் பறவைகள் புத்தகத்தில் ஏறியதும் ஐந்தே வருட இடைவெளியில்.

சரி, பறவைகள் ஏன் இங்கே வருகின்றன? கத்திவாக்கத்துக்கு வடக்கே கொசஸ்தலையாறு கடலில் கலக்கிறது. அலை வற்றும்போது சேறு வெளியே தெரியும். அதில் புழுவும் சிப்பியும் ஏராளம். ரஷ்யாவின் வடகோடியில் குஞ்சு பொரிக்கும் உள்ளான்கள் குளிர்காலத்துக்கு நம் கடற்கரைக்கு வருகின்றன. பங்குனி, சித்திரையில் திரும்பிப் போகின்றன. கிளம்பும் முன் வயிறு நிறையத் தின்று உடம்பில் கொழுப்பு சேர்க்க வேண்டும். அதுதான் அவற்றின் பெட்ரோல்! சாம்பல் நிறத்தில் வந்த வளைமூக்கு உள்ளான், புறப்படும் நேரத்தில் செங்கல் நிறத்துக்கு மாறியிருக்கும்.

இந்தச் சேற்றைச் சுற்றித்தான் தொழிற்சாலைகள் வந்தன. 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, 2017-ல் மூடப்பட்டது. தொண்ணூறுகளில் வடசென்னை அனல்மின் நிலையமும், 2001-ல் எண்ணூர் துறைமுகமும் வந்தன. சாம்பல் கொண்டுபோகும் குழாய்கள் கசிந்து, கழிமுகத்தில் சாம்பல் படிந்தது. சேறு மூடிப்போனால் அலகை எங்கே விடுவது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கழிமுகத்தில் பரவியது. மீனவர்களுக்கு அரசு 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய், இன்னும் பல குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். அது போதுமா என்பது வேறு கேள்வி. ஆனால் குடும்பத்துக்கும் படகுக்கும் ஓர் எண்ணிக்கை இருந்தது. அதே எண்ணெயில் கூழைக்கடாக்களும் நனைந்தன. இறகு ஒட்டிப்போன அவற்றின் படங்கள் நாடு முழுக்கப் பரவின. வனத்துறை அவற்றைப் பிடித்துக் காப்பாற்ற முயன்றது. அப்படியும் படகுக்குச் சொன்னதுபோல பறவைக்கு நஷ்டம் இவ்வளவு என்று யாரால் சொல்ல முடியும்?

ஆரம்ப இருப்பு தெரியாமல் நஷ்டத்தைக் கணக்கிட முடியாது. இது காமர்ஸ் முதல் வருடப் பாடம். பறவைக்கும் இதே விதிதான். 1987 முதல் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரி மாதத்துக்கானது. பங்குனி, சித்திரையில் கிளம்பும் கூட்டத்தை அது பிடிக்காது. அந்த இடைவெளியை நிரப்புவது, பைனாகுலரும் நோட்டுமாக வருகிற சாதாரண ஆட்கள்தான். 2002-ல் தொடங்கிய இ-பேர்டு தளத்தில் தேதி, இடம், எண்ணிக்கை போட்டுப் பதிந்துவிட்டால் அது ஒரு வவுச்சர் மாதிரி. நாளை இன்னொரு தொழிற்சாலைக்கு அனுமதி கேட்டு, "இங்கே பறவையே கிடையாது" என்று யாராவது சொன்னால், எடுத்து நீட்ட ஒரு தாள் இருக்கும்.

பக்லியின் படங்கள் 300 வருடம் தாண்டியும் நிற்பதற்குக் காரணம், அவை எழுத்தில் ஏறியதுதான். பூங்காவில் பறவை பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு. கத்திவாக்கத்தில் அது கணக்கு எழுதும் வேலை.